லொகின் ஆகுதில்லை எண்டு சொல்ல என்ன வெட்கம்?

2022 ஏப்ரல். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றுக்குள் ஒரு ஒஃபிஸ். எனக்கு அது முதல் வேலை, மூன்றாவது கிழமை. எரிபொருள் தட்டுப்பாட்டில் பஸ்கள் குறைந்திருந்த காலம். கொட்டாஞ்சேனையில் ஆறரைக்கே வந்து நின்று, தொங்கிக்கொண்டு போய், எட்டே காலுக்குக் கதிரையில் இருந்துவிட்டேன். ஆனால் கணக்குப்படி நான் அன்றைக்கு வந்தது ஒன்பது பத்துக்கு. எங்கட ஒஃபிஸில் வரவு பதிவாவது கொம்பியூட்டரில் லொகின் பண்ணுகிற நேரத்தை வைத்துத்தான். நான் பாஸ்வேர்டை அடிக்கிறேன். ஏற்கிறது. சின்ன வட்டம் ஒன்று சுற்றுகிறது. திரும்பவும் அதே லொகின் பக்கம் வந்து நிற்கிறது. கடைசியில் பக்கத்து மேசை அக்கா எழும்பி, தன்னுடைய கொம்பியூட்டரில் என்னை ஒருக்கால் லொகின் பண்ண விட்டா. ஒரே அடியில் திறந்தது.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஐ.டி. பிரிவுக்குப் போன் எடுத்தேன். "பாஸ்வேர்ட் எக்க வெரதி, நங்கி" என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். பாஸ்வேர்ட் பிழையாம். புதுசு ஒன்று தந்தார். அதுவும் சுற்றியது. இன்னொன்று தந்தார். அதுவும் சுற்றியது. நாலாவது தரம் போன் எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. என்னுடைய சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் காணும். 'பாஸ்வேர்டை ஏற்கிறது, ஆனால் சுற்றிச் சுற்றி அதே பக்கத்துக்கு வருகிறது' என்று விளங்கப்படுத்தக் காணாது. ஆங்கிலத்தில் சொல்லப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்கா பார்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னா: "நான் பேங்குக்குப் போற நேரம் நீ இதில இருந்து செய். ஒவ்வொரு தரமும் வெளிய போய் உள்ள வாறது மினைக்கேடு, என்ட லொகினிலேயே செய். இந்தா பாஸ்வேர்ட்." செய்தேன்.

இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தைப் பற்றியது. லொகின் ஆகவில்லை என்றால் நாங்கள் முதலில் எங்களையே சந்தேகப்படுகிறோம். மேலே இருப்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். அது அநேகமாகப் பிழையான இடத்தில் தேடுகிற வேலை. அதனால் நேரமும் போகிறது, சில வேளை ஒருவரின் பெயரும் போகிறது.

முதலில், இந்த 'சிங்கிள் சைன் ஒன்' என்பது என்ன? கொழும்பில் ஏதாவது பெரிய கட்டிடத்துக்குப் போயிருப்பீர்கள். வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்து, ஒரு பாஸ் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போவோம். பிறகு ஒவ்வொரு மாடியிலும் அடையாள அட்டையைக் கேட்க மாட்டார்கள். பாஸைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதுவும் அதே வேலைதான். ஈமெயில், சம்பளச் சீட்டு, லீவு விண்ணப்பம், கணக்கு மென்பொருள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்ட் இல்லாமல், வாசலில் ஒரே ஒரு இடம் உங்களை அடையாளம் கண்டு பாஸ் தருகிறது. மைக்ரோசொஃப்ட் எந்ட்ரா, கூகிள் வேர்க்ஸ்பேஸ், ஒக்டா எல்லாம் இந்த வாசல்காரர்கள்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் வாசலில் சிக்கினால் எல்லா அறையும் ஒரே நேரத்தில் பூட்டு. அதனால்தான் இதில் வருகிற சின்னப் பிழைகூடப் பெரிசாகத் தெரிகிறது.

அந்தப் பாஸில் நேரம் எழுதியிருக்கும் என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன். எத்தனை மணிக்குக் கொடுத்தது, எத்தனை மணி வரை செல்லும் என்று. யாராவது பழைய பாஸைக் களவெடுத்து வந்து காட்டினால் பிடிபட வேண்டும் அல்லவா, அதற்காகத்தான். 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 'அதீனா' என்ற திட்டத்துக்காகக் கேர்பரோஸ் என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். கிரேக்கக் கதையில் வருகிற மூன்று தலைக் காவல் நாயின் பெயர். இன்றைக்கும் விண்டோஸ் ஒஃபிஸ் வலையமைப்புகளில் உள்ளுக்குள் ஓடுவது அதுதான். உங்கள் கொம்பியூட்டரின் கடிகாரமும் சேர்வரின் கடிகாரமும் 5 நிமிசத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது அதன் வழமையான கணக்கு. பிரவுசருக்குள் ஓடுகிற பல புதிய மென்பொருள்களும் பாஸில் உள்ள நேரத்தைக் கொம்பியூட்டரின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

இப்போது என்னுடைய கதைக்கு வருகிறேன். ஒரு நாள் பிரிண்டர் திருத்த வந்த பெடியன் ஒருவன் என் திரையைப் பார்த்தான். "அக்கா, நேர வலயம் என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான். நான் மூலையில் உள்ள மணியைப் பார்த்தேன். சரியான மணிதான். "மணி இல்ல, வலயம்" என்றான். திறந்து பார்த்தால் டாக்கா.

நடந்தது இதுதான். அது ஒரு பழைய கொம்பியூட்டர். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைக்கிற, காசு மாதிரி வட்டமான ஒரு சின்ன பேட்டரி உள்ளே இருக்கும். அது செத்துப் போயிருந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு வெட்டிலும் கடிகாரம் எங்கோ ஒரு பழைய திகதிக்கு ஓடியிருக்கிறது. எனக்கு முன்னம் இருந்த யாரோ சலித்துப்போய், தானாக நேரம் எடுப்பதை நிறுத்தி, வலயத்தைத் தவறித் தொட்டு, பிறகு கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை மணியைக் கையால் நகர்த்தியிருக்கிறார். விண்டோஸ் பட்டியலில் எங்கட நேரம் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்ற பெயரில் 5.30 என்று இருக்கும். கொஞ்சம் கீழே டாக்கா, 6.00. திரையில் எட்டரை. உள்ளுக்குள் கொம்பியூட்டர் எட்டு மணி என்று நம்பிக்கொண்டிருந்தது. சேர்வர் எட்டரைக்குத் தந்த பாஸைப் பார்த்து, 'இது இன்னும் கொடுக்கப்படாத பாஸ்' என்று திருப்பி அனுப்பியது. வட்டம் சுற்றினது அதால்தான்.

அம்மாவிடம் சொன்னேன், சிரித்தா. அவவின் தலைமுறைக்கு இது புதினமே இல்லை. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்து 6.00 ஆக்கினார்கள். 2006 ஏப்ரலில்தான் திரும்ப 5.30க்கு வந்தது. அந்தக் காலம் முழுக்கப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே இருந்தது. "ஆரும் நேரம் சொன்னா பழசோ புதுசோ எண்டு கேக்கிறனாங்கள்" என்றா அம்மா. நான் அந்தக் கேள்வியை என்னுடைய கொம்பியூட்டரிடம் கேட்டிருக்க வேண்டும்.

இதிலிருந்து நான் படித்தது ஒன்று: தேடுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதற்கு ஐ.டி. பட்டம் தேவையில்லை. நாலு கேள்வி காணும்.

முதல் கேள்வி: இதே பாஸ்வேர்ட் வேறு கொம்பியூட்டரில் அல்லது போனில் வேலை செய்யுதா? செய்தால் பாஸ்வேர்டைத் தொடவே வேண்டாம். பிழை இந்த மெஷினில். கடிகாரம், திகதி, வலயம் மூன்றையும் பாருங்கள். அக்காவின் கொம்பியூட்டரில் ஒரே அடியில் திறந்தபோதே எனக்கு விடை கிடைத்துவிட்டது. எனக்கும் விளங்கவில்லை, மூன்று தரம் பாஸ்வேர்ட் மாற்றித் தந்தவருக்கும் விளங்கவில்லை.

இரண்டாம் கேள்வி: பிரவுசரில் பிரைவேட் ஜன்னல் ஒன்று திறந்து பார்த்தால் உள்ளே விடுதா? விட்டால், பிரவுசர் ஞாபகம் வைத்திருக்கிற ஏதோ பழையது குழப்புகிறது. அந்த ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் அழியுங்கள். எல்லாவற்றையும் அழித்தால் மற்ற எல்லா இடத்திலும் திரும்ப லொகின் பண்ண வேண்டி வரும். சொந்த ஜீமெயிலும் ஒஃபிஸ் கணக்கும் ஒரே பிரவுசரில் திறந்திருந்தாலும் இந்தக் குழப்பம் வரும். ஒஃபிஸுக்கு என்று தனி புரோஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: லொகின் பக்கத்தையே புக்மார்க் பண்ணி வைக்கிற பழக்கம். அந்த முகவரிக்குள் அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லுபடியாகிற இலக்கங்கள் இருக்கும். அடுத்த நாள் அதைத் திறந்தால் பிழைச் செய்திதான் வரும். போக வேண்டிய மென்பொருளின் முகப்பைப் புக்மார்க் பண்ணுங்கள். லொகின் பக்கம் தானாக வரும்.

மூன்றாம் கேள்வி: பாஸ்வேர்ட் மாற்றின பிறகு கணக்கு திரும்பத் திரும்ப லொக் ஆகுதா? அப்படியென்றால் உங்கள் பழைய பாஸ்வேர்டை இன்னும் ஏதோ ஒன்று அடித்துக்கொண்டிருக்கிறது. போனில் உள்ள ஒஃபிஸ் ஈமெயில், லொக் ஓஃப் பண்ணாமல் விட்ட இன்னொரு கொம்பியூட்டர், ஒஃபிஸ் வைஃபை, விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீங்கள் தேநீர் குடிக்கிற நேரத்திலும் போன் அமைதியாக இருந்து பிழையான பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

நாலாம் கேள்வி: எல்லாம் திறக்குது, ஒன்று மட்டும் விடுதில்லையா? அப்போது வாசலில் பிரச்சினை இல்லை. மூன்றாம் மாடிக் காவலாளியின் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. பாஸ்வேர்டை எத்தனை தரம் மாற்றினாலும் ஆகாது. பொறுப்பானவர் அனுமதி தர வேண்டும். மைக்ரோசொஃப்ட் லொகின் என்றால் இதைத் திரையே சொல்லும்: பிழைச் செய்தியோடு ஏ.ஏ.டி.எஸ்.டி.எஸ். என்று தொடங்கி ஒரு இலக்கம் இருக்கும். 50126 என்றால் பெயர் அல்லது பாஸ்வேர்ட் பிழை. 50053 என்றால் கணக்கு லொக். 50020 என்றால் வேறு கணக்கால் வந்திருக்கிறீர்கள், பெரும்பாலும் சொந்தக் கணக்கு. 50105 என்றால் அந்த மென்பொருளுக்கு உங்களுக்கு அனுமதி ஒதுக்கப்படவில்லை. இந்த இலக்கத்தையும் நேரத்தையும் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினால் எந்த மொழியிலும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எனக்கு இது முதலே தெரிந்திருந்தால் அந்த நாலாவது போனை வெட்கமில்லாமல் எடுத்திருப்பேன்.

போனைப் பற்றியும் ஒரு சொல். ஒதென்டிகேட்டர் உள்ள பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்குகிறோம், வீடு வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. முதல் நாளிலேயே இரண்டாவது வழி ஒன்றைப் பதிவு செய்துவிடுங்கள். பழைய போன் கையில் இருக்கும்போதே புதுசுக்கு மாற்றிவிடுங்கள்.

இவை எல்லாம் நாங்கள் செய்யக்கூடியவை. எங்களால் செய்யேலாத ஒன்றும் இருக்கிறது: பெயர். உங்கள் அப்பாவின் பெயர் செல்லையா, உங்கள் பெயர் சுகன்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் செல்லையா சுகன்யா. வேலையில் சேரும்போது படிவம் கேட்கும்: முதற்பெயர், கடைசிப் பெயர். எங்கட முறையில் முதலில் வருவது அப்பா. அவ்வளவுதான், அடுத்த நாள் காலையில் கொம்பியூட்டர் "வணக்கம் செல்லையா" என்கிறது. ஈமெயிலும் செல்லையா. சுகன்யாவின் நடு எழுத்தை ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் 'ஜி' போட்டும் இன்னோர் இடத்தில் 'கே' போட்டும் எழுதியிருப்பார்கள். கலியாணத்துக்குப் பிறகு சிலருக்கு முழுப் பெயரே மாறும்.

இது வெறும் பகிடி இல்லை. பல மென்பொருள்கள் உங்களை அடையாளம் காண்பது ஈமெயில் முகவரியை வைத்து. பெயரைத் திருத்தச் சொல்லி ஈமெயிலை மாற்றினால், வாசலில் பாஸ் கிடைக்கும். உள்ளே போனால் லீவுக் கணக்கு பூச்சியம், பழைய கோப்பு ஒன்றும் இல்லை. புதுசாக ஒரு ஆள் வந்திருக்கிறார் என்று அது நினைக்கிறது. 2014இல் வெளிவந்த ஓபன் ஐ.டி. கனெக்ட் விதிமுறையே இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஈமெயிலை ஆளின் அடையாளமாக எடுக்காதே, மாறாத உள் இலக்கத்தை எடு என்று. அதைச் செய்யாமல் விட்டது மென்பொருளை அமைத்தவர்கள். ஆனால் 'உங்கட பெயர் ஏன் இப்பிடிக் குழப்பமா இருக்கு?' என்ற கேள்வி வருவது சுகன்யாவிடம்.

சரி, "என்ட லொகினிலேயே செய்" என்ற அக்காவுக்கு என்ன நடந்தது? இரண்டு மாதத்துக்குப் பிறகு, ஒரே பில் இரண்டு தரம் பதியப்பட்டிருப்பதைக் கணக்காய்வில் கண்டுபிடித்தார்கள். பதிந்தது நான். பதிவில் இருந்தது அக்காவின் பெயர். அவவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நான் போய், "அது நான் செய்தது" என்று சொன்னேன். கடிதம் இரண்டானது. பாஸ்வேர்டைப் பகிர்ந்ததற்காக அக்காவின் கடிதம் அப்படியே நின்றது. எனக்கு உதவி செய்ததைத் தவிர அவ ஒன்றும் செய்யவில்லை. அவ என்னோடு கோபிக்கவும் இல்லை. அதுதான் இன்னும் கரைச்சலாக இருந்தது.

விதிப்படி அந்தக் கடிதம் சரி, நான் மறுக்கவில்லை. யார் எதைச் செய்தார் என்று தெரியாவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை. ஆனால் பாஸ்வேர்டைப் பகிர்வது ஒழுக்கமின்மையால் மட்டும் நடப்பதில்லை. வேலை முடிக்க வேண்டும், கேட்க வெட்கம், வரவு வெட்டுப்படுகிறது என்ற மூன்றும் ஒன்றாகச் சேருகிற இடத்தில் அது தானாக நடக்கும். பூட்டை இறுக்கினால் மட்டும் காணாது. பூட்டுக்கு வெளியே நிற்கிற ஆளுக்கு ஒரு வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் அவர் மதிலேறுவார்.

"அதெல்லாம் விளங்காதவங்கள் செய்யிற வேலை" என்று சொல்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2023 ஒக்டோபரில் ஒக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்குள் ஆள் புகுந்த செய்தி வெளியானது. உலகம் முழுக்க ஒஃபிஸ்களுக்கு இந்த வாசல்காரர் வேலையைச் செய்கிற நிறுவனமே அதுதான். நிறுவனத்தின் விளக்கம் என்ன தெரியுமா? ஊழியர் ஒருவர் ஒஃபிஸ் லேப்டொப்பின் குரோம் பிரவுசரில் தன்னுடைய சொந்தக் கூகிள் கணக்கைத் திறந்திருந்தார்; ஒஃபிஸ் பாஸ்வேர்ட் ஒன்று அந்தச் சொந்தக் கணக்கில் சேமிப்பாகியிருந்தது. லொகின் பிரச்சினையைத் தீர்க்க வாடிக்கையாளர்கள் அனுப்பிய கோப்புகளுக்குள் உயிரோடு இருந்த பாஸ்கள் கிடந்தன. 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் பார்க்கப்பட்டன. அந்தப் பாஸ்களைக் கொண்டு 5 பேரின் கணக்குகளுக்குள் புகுந்தார்கள். நான் மேலே சொன்ன அதே சாதாரணக் குழப்பம்தான், சொந்தக் கணக்கும் ஒஃபிஸ் கணக்கும் ஒரே பிரவுசரில். பூட்டுச் செய்கிறவர்களின் கந்தோரிலேயே இது நடக்குமென்றால், மூன்றாவது கிழமை வேலைக்கு வந்த பிள்ளை ஏன் தலைகுனிய வேண்டும்?

ஐ.டி. ஆக்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நூறு பேருக்கு ஒருவர் என்று இருப்பார்கள். வருகிற போன்களில் பல உண்மையிலேயே மறந்த பாஸ்வேர்டாகத்தான் இருக்கும். அவர்கள் அடையாளத்தை உறுதிப்படுத்தக் கேட்கிற கேள்விகள் எங்களை அவமதிக்க இல்லை, எங்கள் பெயரில் வேறு ஆள் கதைக்காமல் இருக்க. அதனால்தான் இலக்கத்தோடும் நேரத்தோடும் ஸ்கிரீன்ஷொட்டோடும் போக வேண்டும் என்கிறேன். அது அவர்களுக்கும் சுகம்.

ஆனால் ஒஃபிஸ்களிடம் மூன்று விசயம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஒன்று, உள்ளே விடாதது உங்கள் கதவு என்றால் அந்த நேரம் உங்கள் கணக்கில் போகட்டும், வரவில் வெட்டாதீர்கள். இரண்டு, சேருகிற நாளிலேயே 'உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?' என்று கேட்டுவிட்டுப் பெயரைப் பதியுங்கள். மூன்று, தமிழில் ஒரு பக்கம். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது, தனியார் ஒஃபிஸின் ஹெல்ப் டெஸ்க் வரைக்கும் அது வராது, தெரியும். சட்டத்தைக் காட்டிக் கேட்கவில்லை. வெள்ளவத்தையில் ஒஃபிஸ் வைத்து, பாதி மேசையில் தமிழ்ப் பிள்ளைகளை இருத்தியிருக்கிறீர்களே, ஒரு ஏ4 தாள் அடிக்க எவ்வளவு செலவாகும்?

இப்போது நான் இருக்கிற ஒஃபிஸில் அந்தத் தாளை நானே எழுதி ஒட்டினேன். மேலே உள்ள நாலு கேள்விதான், பெரிய எழுத்தில். போன மாதம் புதுசாக வந்த தங்கச்சி ஒருத்தி இரண்டாம் நாள் காலையிலேயே எழும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா, லொகின் ஆகுதில்லை" என்றாள். மூன்றாம் கேள்வியில் பிடிபட்டது. முதல் நாள் தந்த தற்காலிக பாஸ்வேர்டைப் போனில் போட்டுவிட்டு, பிறகு பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாள். போன் பழசையே தட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிச வேலை. மனேஜரிடம் போய்ச் சொன்னோம். அன்றைய வரவில் அவளுடைய பெயருக்கு நேரே, கையால், எட்டே கால் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.